பைத்தானுக்குப் பதிலா 1982: ஸ்கிரிப்டிங் மொழியான கமடோர் பேசிக்

இன்னிக்கு எபிசோடு முழுக்க ஒரு விளையாட்டு ப்ராஜெக்ட் பத்தித்தான். ஆனா போகப் போக அது அவ்வளவு விளையாட்டு இல்லைன்னு தோணும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

முதல்ல இதைக் கற்பனை பண்ணிப் பாருங்க. லேப்டாப்ல டெர்மினல் திறக்கறீங்க. பைத்தான்னு அடிக்கிற இடத்துல சிபிஎம்பேசிக்னு அடிக்கறீங்க. ரெடின்னு வருது. உடனே பத்தாம் வரி பிரிண்ட் "சாப்டாச்சா", இருபதாம் வரி கோ டூ 10, அப்புறம் ரன். திரை முழுக்க சாப்டாச்சா, சாப்டாச்சா, சாப்டாச்சா. உங்க அம்மா போன்ல கேக்கிற மாதிரியே.

இதுல என்ன பெரிய விஷயம், எமுலேட்டர் ஓட்டறே, அவ்வளவுதானேன்னு கேப்பீங்க. இது எமுலேட்டர் இல்லை. விஷயமே அங்கதான் ஆரம்பிக்குது.

2008 வாக்குல மைக்கேல் ஸ்டைல்னு ஒரு ஜெர்மன் புரோகிராமர் இதைப் பண்ணார். பழைய மெஷின்களைக் குடைஞ்சு பார்க்கிறதுல பெரிய ஆள். அதே 2008 டிசம்பர்ல, பெர்லின்ல நடந்த கேயாஸ் காங்கிரஸ்ல, கமடோர் 64 மெஷினைப் பத்தின அத்தனையையும் ஒரே மூச்சுல சொல்லி ஒரு உரை கொடுத்தார். அது இன்னமும் நெட்ல கிடைக்குது. 6502 படிக்கணும்னா நான் முதல்ல அதைத்தான் கை காட்டுவேன். அவரோட ஜோக் ரொம்ப சிம்பிள். யூனிக்ஸ்ல ஸ்கிரிப்ட் எழுத பெர்ல் இருக்கு, பைத்தான் இருக்கு, ரூபி இருக்கு. அந்த வரிசையில 1982-ல வந்த ஒரு ஹோம் கம்ப்யூட்டரோட பேசிக்கும் ஏன் இருக்கக்கூடாது? ஃபைலோட முதல் வரியில ஹாஷும் ஆச்சரியக்குறியும் போட்டு எந்த மொழின்னு சொல்லுவோமே, அதே இடத்துல கமடோர் பேசிக். இதே மாதிரி ஆப்பிள் 1 பேசிக்கையும் மேக்ல ஓடுற ஸ்கிரிப்டிங் மொழியா ஆக்கிக் காட்டினார். வாஸ்னியாக் எழுதின அது வெறும் 4 கேபி. தசமப் புள்ளியே கிடையாது, முழு எண் மட்டும்தான். அதுல போய் ஸ்கிரிப்ட் எழுதறதை நினைச்சுப் பாருங்க.

சரி, கமடோர் 64 தெரியாதவங்களுக்கு ஒரே ஒரு பத்தி. 1982-ல வந்தது. ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ் சிப், 64 கேபி ரேம். ஒரு கோடிக்கு மேல வித்தது. ஆன் பண்ணா நீலத் திரையில 38911 பைட் ஃப்ரீன்னு சொல்லும், அதுக்குக் கீழ ரெடி. டெஸ்க்டாப் இல்லை, ஐகான் இல்லை, நேரா புரோகிராமிங் மொழிக்குள்ளயே போய் நிப்பீங்க. நம்ம ஊர்ல இந்த மெஷினைப் பார்த்தவங்க குறைவு. 1984-ல மத்திய அரசோட கிளாஸ் திட்டம் வந்தப்போ பள்ளிக்கூடங்களுக்கு வந்தது பிரிட்டன்காரங்களோட பிபிசி மைக்ரோ. எண்பதுகள்ல ஸ்கூல் படிச்ச மாமாவோ சித்தியோ இருந்தா கேட்டுப் பாருங்க.

இப்போ ஒரு பழைய புரோகிராமைப் புது மெஷின்ல ஓட்டணும்னா பொதுவா நமக்குத் தெரிஞ்சது ரெண்டு வழி. ஒண்ணு, எமுலேட்டர். பழைய சிப் மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம். ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனா எடுத்து, இது என்ன சொல்லுதுன்னு பார்த்து, செஞ்சு, அடுத்ததுக்குப் போகும். இன்னொண்ணு, மேனுவலைப் படிச்சு முதல்ல இருந்து திரும்ப எழுதறது. ஸ்டைல் எடுத்தது மூணாவது வழி: ஸ்டாட்டிக் ரீகம்பைலேஷன். ரோம் சிப்ல இருக்கிற 6502 மெஷின் கோடை அப்படியே எடுத்து, ஓடறதுக்கு முன்னாடியே ஒரே தடவையா சி மொழிக்கு மாத்திடறது. நடுவுல எல்எல்விஎம் உதவி. கடைசியில கையில கிடைக்கிறது ஒரு பெரிய சி ஃபைல். அதை எந்த கம்பைலர்ல போட்டாலும் உங்க மெஷினோட சொந்த மொழிக்கு மாறிடும்.

சொல்றதுக்கு ஈஸி. செஞ்சு பார்த்தா எங்க முட்டுதுன்னு சொல்றேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

முதல் முட்டு. 6502-ல ஒரு கூட்டல் போட்டா விடை மட்டும் வராது. கேரி, ஜீரோ, நெகட்டிவ், ஓவர்ஃப்ளோன்னு நாலு கொடியும் மாறும். மொழிபெயர்க்கிறப்போ ஒவ்வொரு கூட்டலுக்கும் அந்த நாலையும் கணக்குப் போட்டா கோடு ஊதிப் போயிடும். ஆனா பெரும்பாலான இடத்துல அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷனே அந்தக் கொடியை அழிச்சிடும், யாரும் பார்க்கவே மாட்டாங்க. யாரும் பார்க்காததைத் தூக்கிப் போடறது நவீன கம்பைலருக்குக் கைவந்த கலை. அதனால இந்தப் பிரச்சினையை எல்எல்விஎம் தலையில கட்டிடலாம்.

ரெண்டாவது முட்டு கொஞ்சம் விஷமம். பேசிக் இன்டர்ப்ரிட்டர் ஒரு கட்டளையைப் படிச்சதும் அதுக்கான ரொட்டீனுக்குத் தாவணும். மைக்ரோசாஃப்ட்காரங்க அதுக்கு ஒரு குறுக்குவழி வெச்சிருந்தாங்க. போக வேண்டிய முகவரியில ஒண்ணு குறைச்சு ஸ்டாக்ல தள்ளுவாங்க. அப்புறம் அடுத்த எழுத்தைப் படிக்கிற சின்ன ரொட்டீனுக்குத் தாவுவாங்க. அந்த ரொட்டீன் முடிஞ்சு ரிட்டர்ன் ஆகும்போது, கூப்பிட்ட இடத்துக்குத் திரும்பாம, ஸ்டாக்ல தள்ளி வெச்ச முகவரிக்குப் போய் நிக்கும். திரும்பி வர்றதையே போறதுக்குப் பயன்படுத்தறாங்க! ஒண்ணு குறைச்சது எதுக்குன்னா, 6502 ரிட்டர்ன் பண்றப்போ தானா ஒண்ணு கூட்டிக்கும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனா ஓடறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் மொழிபெயர்க்க நினைக்கிறவனுக்கு, இந்த ரிட்டர்ன் எங்க போகும்னு கோடைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. முகவரிப் பட்டியல் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, இங்கெல்லாம் தாவலாம்னு தனியா சொல்லிக் கொடுக்கணும்.

மூணாவது முட்டுதான் உச்சம். இப்போ சொன்னேனே, அடுத்த எழுத்தைப் படிக்கிற ரொட்டீன், அதுக்கு கேர்கெட்னு பேர். மொத்தம் 24 பைட். அது ரோம்ல இருந்து ஓடாது. மெஷின் ஆன் ஆனதும் ரேமோட தொடக்கத்துல, ஹெக்ஸ் 73-ங்கிற முகவரியில காப்பி ஆகி, அங்கிருந்துதான் ஓடும். ஏன்னா அது தன்னைத்தானே மாத்திக்கிற கோடு. "இந்த முகவரியில இருக்கிற எழுத்தை எடு"ன்னு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் உள்ள இருக்கு. அந்த முகவரியை இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குள்ளயே ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூட்டி எழுதிக்கும். அதாவது அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனோட உடம்புதான் பாயிண்டர். தனியா ஒரு வேரியபிள் கிடையாது. மெமரியும் மிச்சம், நேரமும் மிச்சம். புரோகிராம்ல இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் ஓடுற ரொட்டீன் இது, அதனால நாலு சைக்கிள் மிச்சமானாலும் லாபம். பேசிக்ல இஷ்டத்துக்கு ஸ்பேஸ் விடலாம், விடாமலும் இருக்கலாம்னு படிச்சிருப்பீங்க. காரணம், ஸ்பேஸ் வந்தா இந்த 24 பைட் அதைத் தாண்டிப் போயிடும். மாறிக்கிட்டே இருக்கிற கோடை முன்கூட்டியே மொழிபெயர்க்க முடியாது. அதனால இந்த ரொட்டீனை மட்டும் பிரிச்சு எடுத்துத் தனியா கவனிச்சே ஆகணும்.

அப்புறம் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. கமடோர்ல பேசிக் ஒரு சிப், கெர்னல் இன்னொரு சிப், ஆளுக்கு 8 கேபி. கெர்னல்ங்கிற வார்த்தையையே அவங்க எழுத்துப் பிழையோட, 'இ' வர வேண்டிய இடத்துல 'ஏ' போட்டு வெச்சிருந்தாங்க. அந்தப் பிழை அப்படியே பேராயிடுச்சு. பேசிக் பெரும்பாலும் கீபோர்டையோ திரையையோ நேரா தொடாது. ஒரு எழுத்தைக் காட்டணும்னா ஹெக்ஸ் எஃப்எஃப்டி2-க்குத் தாவும், அங்கிருந்து கெர்னல் பார்த்துக்கும். இன்னிக்கு நாம ஏபிஐன்னு சொல்றோமே, அதேதான். அதனால பேசிக்கை மட்டும் மொழிபெயர்த்துட்டு, எஃப்எஃப்டி2-க்கு வந்தா சி மொழியில ஒரு எழுத்தைப் பிரிண்ட் பண்ணு, ஃபைல் கேட்டா யூனிக்ஸ் ஃபைலைத் திறந்து கொடுன்னு கையால எழுதிட்டா போதும். எண்பதுகள்ல யாரோ போட்ட ஒரு ஒழுங்கான எல்லைக்கோடு, கால் நூற்றாண்டு கழிச்சு ஒரு ஜோக்குக்கு உதவுது.

இப்போ நான் ஏன் இதைப் பேச வந்தேன்னு சொல்றேன். போன மாசம் பெங்களூருல வேலை பார்க்கிற ஒரு நேயர் மெயில் போட்டிருந்தாங்க. அவங்க டீம்ல 20 வருஷப் பழைய புரோகிராம் ஒண்ணு. கடனுக்கு வட்டி கணக்குப் போடுறது. எழுதினவர் ரிட்டையர் ஆயிட்டார். டாக்குமெண்ட்னு இருக்கிறது பாதி உண்மை. ஆறு மாசத்துல ஜாவால திரும்ப எழுதணும்னு மேல இருந்து உத்தரவு. "சோர்ஸ் கோடைப் படிச்சு எழுதறதா, இல்ல விதிமுறைகளைக் கேட்டு முதல்ல இருந்து எழுதறதா, எது சரி அண்ணா?"ன்னு கேட்டிருந்தாங்க. அதோட கடைசியில ஒரு வரி: "ஒரு ரூபாய் மாறினாலும் ஒரு குடும்பம் கிளைக்கு வந்து நிக்கும்."

அந்த ஒரு வரிதான் என்னை உலுக்கிடுச்சு. அவங்களுக்கு நான் முதல்ல அனுப்பினது இந்த கமடோர் ஜோக்கைத்தான்.

ஏன்னா, கமடோர் பேசிக்கை மேனுவல் படிச்சு நீங்க திரும்ப எழுதறதா வெச்சுக்கோங்க. மேனுவல்ல, எவ்வளவு மெமரி மிச்சம்னு கேக்க ஃப்ரீ ஃபங்ஷன் இருக்குன்னு போட்டிருக்கும். நீங்களும் அழகா 38 ஆயிரத்து சொச்சம்னு காட்டுவீங்க. ஆனா நிஜ மெஷின்ல, ஆன் பண்ண உடனே கேட்டா மைனஸ் 26627-ன்னு வரும். 16 பிட் எண்ணை பிளஸ் மைனஸ் உள்ள எண்ணா எடுத்துக்கிட்டு காட்டுற பிழை அது. அதோட 65536-ஐக் கூட்டினாத்தான் உண்மையான விடை. அந்தக் காலத்துல புரோகிராம் எழுதினவங்களுக்கு இது தெரியும். அவங்க புரோகிராம்லயே 65536-ஐக் கூட்டி எழுதியிருப்பாங்க. இப்போ நீங்க பிழையைத் திருத்தி எழுதின பேசிக்ல அவங்க புரோகிராமை ஓட்டினா என்ன ஆகும்? சரியான விடை மேல 65536 ஏறி உட்காரும். நீங்க திருத்தினதாலயே அவங்களோடது தப்பாகுது.

வேரியபிள் பேர்லயும் இதே கதை. கமடோர் பேசிக்ல முதல் ரெண்டு எழுத்துதான் கணக்கு. கவுண்ட்னு ஒரு வேரியபிள், கோட்னு ஒரு வேரியபிள் வெச்சா ரெண்டுமே சி, ஓ-ன்னு ஆரம்பிக்கிறதால ஒரே பெட்டி. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணும் மாறும். ஸ்கோர்னு பேர் வெக்கவே முடியாது. நடுவுல ஓ, ஆர் வருதே, "அல்லது"ங்கிற ஆபரேட்டர் அதுதான்னு எடுத்துக்கிட்டு சின்டாக்ஸ் எரர் அடிக்கும். விலைக்கு காஸ்ட்னு வெச்சீங்கன்னா முதல் மூணு எழுத்து கோசைன். கேம் எழுதப் போனவன் டிரிக்னாமெட்ரி பாடத்துல போய் விழுவான்.

தசம எண்களைப் பாருங்க. அந்த பேசிக் ஒரு எண்ணை 5 பைட்ல வெக்கும். அடுக்குக்கு ஒண்ணு, மதிப்புக்கு நாலு. நம்ம இன்னிக்குப் பயன்படுத்தற டபுள் 8 பைட். நீங்க டபுள் வெச்சு எழுதினா விடை இன்னும் துல்லியமா வரும், சந்தேகமே இல்லை. ஆனா கடைசி இலக்கம் வேறயா இருக்கும். அரை பைசாவுல மேல தள்ளணுமா கீழ தள்ளணுமான்னு முடிவெடுக்கிற இடத்துல அந்தக் கடைசி இலக்கம்தான் நாட்டாமை. வட்டிக் கணக்கு எழுதற நேயருக்கு இதுக்கு மேல விளக்கம் தேவைப்படல.

ஸ்டைல் பண்ணதுல இந்தப் பிரச்சினை எதுவும் வராது. ஏன்னா அவர் பேசிக்கைப் புரிஞ்சுக்கிட்டு எழுதல. அதே ரோம், அதே படிகள், வேற மெஷின். மைனஸ் விடை கொடுக்கிற அதே கழித்தல்தான் இங்கயும் ஓடுது.

ஆனா இதுல ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு. அதை மறைச்சா நேயருக்கு நான் பண்ற துரோகம். அந்தச் சி ஃபைலைத் திறந்து பார்த்தா மனுஷன் படிக்கிற மாதிரி இருக்காது. லேபிள், தாவல், லேபிள், தாவல். எதை மாத்தினா என்ன ஆகும்னு சொல்லவே முடியாது. பழைய மெஷினோட நடத்தை நூறு சதவீதம் பத்திரமா இருக்கு. அதோட அர்த்தம் பூஜ்யம். நாளைக்கு ரிசர்வ் வங்கி ஒரு விதியை மாத்தினா, இந்த மாதிரி கோடை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?

நடத்தையும் முழுசா இல்லைன்னுதான் சொல்லணும். ஒரு நொடி காத்திருக்கணும்னா அந்தக் காலத்துல ஒண்ணுல இருந்து ஆயிரம் வரைக்கும் சும்மா எண்ணுற ஒரு லூப் போடுவாங்க. 1 மெகாஹெர்ட்ஸ்ல அது ஏறக்குறைய ஒரு நொடி எடுக்கும். உங்க லேப்டாப்ல கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். பார்டர் நிறத்தை மாத்த 53280-ல ஒரு எண்ணை எழுதுவாங்க. இங்க எழுதலாம், ஆனா அந்த முகவரிக்குப் பின்னாடி வீடியோ சிப்னு ஒண்ணும் இல்லை. கேம் ஆடணும்னா ஒழுங்கா எமுலேட்டருக்குப் போங்க.

அதனால நேயருக்கு நான் எழுதின பதில் இதுதான். திரும்ப எழுதுங்க, கட்டாயம் எழுதுங்க. ஆனா பழைய புரோகிராமை எப்படியாவது உயிரோட ஒரு பெட்டிக்குள்ள ஓடற நிலையில வெச்சுக்கோங்க. எமுலேட்டரோ, பழைய சர்வரோ, எதுவா இருந்தாலும் பரவாயில்லை. கிடைக்கிற எல்லாக் கணக்கையும் ரெண்டுலயும் போடுங்க. வித்தியாசம் வர்ற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, இது பிழையா, இல்ல எல்லாரும் நம்பிக்கிட்டிருக்கிற பிழையான்னு கேளுங்க. கேட்டதை எழுதி வைங்க. ஆறு மாசம் போதாது, அதை இப்பவே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. அவங்க பதில் போட்டாங்க: முதல் வாரத்துலயே 14 வித்தியாசம் வந்திருக்கு. அதுல மூணு, பழைய புரோகிராம்லயே இருந்த தப்பு. ரொம்ப வருஷமா யாருக்கோ கொஞ்சம் அதிகமா வட்டி போயிட்டிருக்கு. அதை என்ன பண்றதுங்கிறது இப்போ அவங்க மீட்டிங்ல ஓடிட்டிருக்கு. அதைப் பத்தி இதுக்கு மேல நான் பேசப்போறதில்லை.

அர்த்தம்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு ஒரு பின்கதை இருக்கு. 2025 செப்டம்பர்ல மைக்ரோசாஃப்ட் அந்த 6502 பேசிக்கோட மூல அசெம்பிளி கோடை எம்ஐடி லைசென்ஸ்ல வெளியிட்டாங்க, 1.1-ங்கிற பதிப்பை. 1976-ல பில் கேட்ஸும் ரிக் வெய்லண்டும் 6502-க்கு மாத்தி எழுதினது. 1977-ல கமடோர் அதுக்கு மொத்தமா 25,000 டாலர் கொடுத்து லைசென்ஸ் வாங்கினாங்க. ஒரு மெஷினுக்கு இவ்வளவுன்னு கிடையாது, ஒரே தடவை. அதுக்கப்புறம் எத்தனை லட்சம் மெஷின் வித்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த ஃபைல்ல ஆரம்பத்துலயே ஒரு ஸ்விட்ச் இருக்கு. எந்த மெஷினுக்கு அசெம்பிள் பண்ணணும்னு ஒரு எண். 4 போட்டா ஆப்பிள், 3 போட்டா கமடோர், 1 போட்டா கிம். பூஜ்யம் போட்டா? பிடிபி-10 மேல நடிக்கிற 6502. அதாவது ஒரு பெரிய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்ல 6502 மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம் வெச்சிருந்தாங்க. இந்த பேசிக்கை அதுக்குள்ள ஓட்டிப் பார்க்கத்தான் அந்தப் பூஜ்யம். அதுக்கு முந்தின வருஷம் ஆல்டேர் மெஷினுக்கு எழுதினப்பவும் இதே கதைதான். பால் ஆலன் ஹார்வர்டோட பிடிபி-10-ல ஒரு 8080 சிமுலேட்டர் எழுதினார், நிஜ ஆல்டேர் கையில இல்லாமலேயே வேலை நடந்தது. பழைய ஹோம் கம்ப்யூட்டர் மென்பொருளை வேற மெஷின்ல ஓட்டிப் பார்க்கிறது என்ன கிறுக்குத்தனம்னு கேக்கிறவங்களுக்கு இந்தப் பூஜ்யத்தைக் காட்டுங்க. நேயருக்கும் இதை அனுப்பினேன். சி ஃபைல்ல கிடைக்காத ஒரு "ஏன்", ஒரே ஒரு கமெண்ட் வரியில கிடைச்சது. உங்க பழைய புரோகிராமை எழுதினவர் ரிட்டையர் தானே ஆயிருக்கார், போன் பண்ணிப் பேசுங்கன்னேன்.

கடைசியா ஒரு குசும்பு. கமடோரோட முந்தின மெஷின் பெட். அதுல வந்த ரெண்டாவது பேசிக்ல பில் கேட்ஸ் ஒரு வேலை பண்ணி வெச்சிருந்தார். வெயிட் 6502, 1-ன்னு அடிச்சா திரையில மைக்ரோசாஃப்ட்னு ஒரு ஆச்சரியக்குறியோட வரும். பத்து போட்டா பத்து தடவை வரும். கமடோர் 64-ல அது இல்லை. அங்க வெயிட்னா வெயிட்தான்: 6502-ங்கிற முகவரியில கடைசி பிட் ஒண்ணா மாறுற வரைக்கும் காத்திருக்கும். ஸ்டாப் பட்டனைத் தட்டினாக்கூட அந்தக் கட்டளை திரும்பிப் பார்க்காது.

சிபிஎம்பேசிக் இன்ஸ்டால் பண்றவங்க அதையும் ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. அங்க யாரும் எதுவும் எழுதி வெக்கலைன்னா, கண்ட்ரோல் சி போட்டு வெளிய வந்துடுங்க.